இரண்டாம் பாகத்தில் கஞ்சமலை

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மூன்றாம் பாகம் என்னிடம் ஒரு வாரம் தாங்கியது. நான்காம் பாகம் ஒரு மாதம். 1999-இல் வந்த இரண்டாம் பாகத்தை மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாக விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன். சூரமங்கலத்தில் கம்ப்யூட்டர், பிரின்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு ஆட்டம். சேலம் ஜங்ஷனில் வண்டி வரும் அறிவிப்பு காதில் விழும். நாலு செம்மறி ஆட்டை ஓட்டி வந்து டவுன் சென்டர் வாசலில் வெட்டும்போது கேட்கிற சத்தம் அதைவிடப் பழக்கமான சத்தம்.

"புதுசு இருக்கும்போது எதுக்கு மாமா பழசு?" என்பான் அக்கா மகன். அவனுக்கு ஒழுங்காக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று யோசிக்கப் போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் தாத்தாவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோயில் மண்டபக் கல்லில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடு வெட்டியிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று முனை. புலிக்குப் புளியங்கொட்டை, ஆட்டுக்குச் சின்னக் கூழாங்கல். எப்போது வெட்டிய கோடு என்று யாருக்கும் தெரியாது. ஆடுபுலிக்கு இரண்டாம் பாகம் வந்ததில்லை, அதனால் பழைய பாகத்துக்குத் திரும்புகிற பேச்சும் அவர்களுக்கு இல்லை. வருஷா வருஷம் புதுசு விற்க வேண்டிய வியாபாரத்தில்தான் பழசு என்று ஒன்று உண்டாகிறது.

நான் பழகியது ஜங்ஷன் மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில். 2001. எட்டு சிஸ்டம், நடுவே பிளைவுட் தடுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைத் திரை. மணிக்கு 25 ரூபாய். ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் நாங்கள் ஆளுக்கு ஐந்து, பத்து போட்டு இரண்டு சிஸ்டம் பிடிப்போம். பிரவுசிங் என்று பெயர்தானே தவிர, இன்டர்நெட் அன்றைக்கு டயல்-அப்பில் கொய்ங் என்று கத்தி ஒரு படத்தைக் காட்ட மூன்று நிமிஷம் எடுக்கும். சம்பாத்தியம் லேனில்தான் வந்தது. எட்டு சிஸ்டத்தையும் ஒரு ஹப்பில் கோத்துவிட்டால் இன்டர்நெட்டே வேண்டாம், எட்டுப் பேர் ஒரே வரைபடத்தில் வெட்டிக்கொள்ளலாம். சென்டர் அண்ணன் ஒரு ரைட் பண்ணின சிடியை வைத்து எல்லாவற்றிலும் ஏற்றியிருந்தார். பென்டியம் 166, 32 எம்பி ராம் இருந்தாலே ஓடுகிற விளையாட்டு அது. அண்ணனின் ஓட்டை மெஷின்களுக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

யாருக்கு எந்த நாடு என்பதில்தான் முதல் சண்டை. பதிமூன்று நாடுகள்: பிரிட்டன், ஜப்பான், மங்கோலியர், வைக்கிங் என்று. 2000-இல் வந்த கான்கரர்ஸ் சேர்ப்பில் இன்னும் ஐந்து. பதினெட்டிலும் இந்தியா இல்லை. ஆனால் பாரசீகத்திடம் யானை இருந்தது. ஆகவே எட்டுப் பேரும் பாரசீகம். ஓசூர், தர்மபுரிக் காட்டு யானைச் செய்தியை வாரம் ஒருமுறை பேப்பரில் படித்து வளர்ந்த பையன்கள், யானைக்காகப் பாரசீகர் ஆனோம். அந்த யானை அசைந்து அசைந்து வந்து சேர்வதற்குள் எதிராளி ஒரு சாமியாரை அனுப்பி மந்திரம் சொல்ல வைத்துத் தன் பக்கம் இழுத்துவிடுவான். கஷ்டப்பட்டுக் காசு சேர்த்து வாங்கிய யானை கண்ணெதிரே நீலத்திலிருந்து சிவப்பாக மாறும். அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது.

அமெரிக்காவில் டாலஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டூடியோஸ் செய்த விளையாட்டு இது. முதல் பாகம் 1997 அக்டோபர். வடிவமைப்பில் முக்கியமான ஆள் புரூஸ் ஷெல்லி. அதற்கு முன் சிட் மையரோடு சேர்ந்து 1990-இல் ரயில்ரோட் டைகூன், 1991-இல் சிவிலைசேஷன் செய்தவர். வரலாற்று விவரங்களுக்கு நூலகத்தில் சிறுவர் பகுதிப் புத்தகங்களே போதுமாக இருந்தன என்று ஷெல்லி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, ஒரு புதிர் அவிழ்ந்த மாதிரி இருந்தது. டாலஸ் நகரத்துச் சிறுவர் பகுதியில் ராஜேந்திர சோழன் எங்கிருந்து வருவான்?

அந்தச் சென்டரின் ஜன்னலைத் திறந்தால் மேற்கே கஞ்சமலை தெரியும். ஏசி போட்ட பிறகு ஜன்னலைத் திறப்பது நின்றுபோனது.

கஞ்சமலை இரும்பு மலை. மாக்னடைட் தாது. சின்ன வயதில் அமாவாசைக்கு சித்தர் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். கூட்டத்தில் பெரியவர்கள் வரிசையில் நிற்க, நாங்கள் ஓடைப் பக்கம் போய்விடுவோம். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்தால் கறுப்புப் பொடி மயிர் மயிராக ஒட்டிக்கொண்டு வரும். அதைக் காகிதத்தின்மேல் தட்டி, அடியில் காந்தத்தை ஓட்டி ஆடவைப்போம். மழை அடித்து மலையிலிருந்து கொண்டுவந்து சேர்த்த இரும்பு. ஓடையில் அரித்தெடுத்த இந்த மாதிரிக் கருமணலையும், இடித்துப் பொடித்த தாதுவையும் ஆள் உயரத்துக்கும் குறைவான மண் உலையில் கரியோடு போட்டு, ஆட்டுத்தோல் துருத்தி ஊதி இரும்பாக்கியவர்கள் இந்தச் சீமையில் 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் இருந்தார்கள். அந்த இரும்பைத் துண்டு போட்டு, மண் மூசைக் கிண்ணத்தில் ஆவாரங்குச்சியோடு வைத்து, மேலே எருக்கிலை மூடி, களிமண் பூசி உலையில் வேகவைத்தால் உருக்கு. வெளுப்புக்கும் வைத்தியத்துக்கும் நாம் தேடுகிற அதே ஆவாரைதான், கரியை இரும்புக்குள் ஏற்றுகிற வேலையையும் செய்திருக்கிறது.

இந்தச் செய்முறையை எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கும்பினி அதிகாரி, சேலத்தில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துத் தாது, காட்டுக் கரி, இங்கிலாந்து மாதிரி ஊது உலை. 1833-இல் மலபாரில் பேப்பூரிலும் ஒன்று. உலை நன்றாகத்தான் எரிந்தது, கரிதான் போதவில்லை. ஒரு டன் இரும்புக்கு எத்தனை மரம் வேண்டும் என்ற கணக்கு காட்டைத் தின்றது. கும்பினியிடம் கடன்மேல் கடன். 1853-இல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்ற புதுக் கம்பெனியின் கைக்கு மாறி, அதுவும் பிறகு படுத்தது. ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை எடுத்தார். ஷெஃபீல்டு முதலாளிகள் முறையை எடுத்துக்கொண்டார்கள், பணத்தைத் தரவில்லை. வழக்காடியே 1851-இல் செத்தார். அவர் முறையால் பணக்காரன் ஆனவர்கள் உண்டு, அவர் ஆகவில்லை.

1860-களின் தொடக்கத்தில் மதராஸிலிருந்து பேப்பூர் வரை ரயில் பாதை ஓடியது, சூரமங்கலம் வழியாக. என் அப்பா கேங்மேனாக வேலை பார்த்த பாதை அது. ஹீத்தின் இரண்டாவது உலை இருந்த அதே பேப்பூரில் போய் முடிந்த பாதை. ஆனால் தண்டவாளம் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்தது. இரும்பு மலைக்கு எதிரே இறக்கி, இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்கள்.

இரண்டாம் பாகத்தில் கொல்லன் பட்டறை என்று ஒரு கட்டடம் உண்டு. ஃபோர்ஜிங், அயர்ன் காஸ்டிங், பிளாஸ்ட் ஃபர்னஸ் என்று மூன்று படி. 275 உணவும் 225 தங்கமும் கொடுத்தால் பிளாஸ்ட் ஃபர்னஸ் கிடைக்கும், வாளின் வெட்டு இரண்டு புள்ளி கூடும். ஆயிரம் தடவையாவது அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பேன். பரங்கிப்பேட்டையில் ஒரு ஆள் வாழ்க்கையையே கொட்டித் தோற்றது அந்தப் பொத்தானில்தான் என்பது அப்போது தெரியாது. விளையாட்டில் கரி தீராது. மரம் வெட்டுவது வேறு கணக்கு, உலை வேறு கணக்கு. இரண்டையும் இணைக்காமல் விட்டதுதான் இந்த விளையாட்டின் பெரிய பொய் என்று இப்போது தோன்றுகிறது. பொய் என்றாலும், அது இல்லாவிட்டால் ஆட்டம் நகராது.

2005-இல் மூன்றாம் பாகம் வந்தது. பீரங்கி, கடல் பளபளப்பு, உடைந்து சிதறும் கோபுரம். அண்ணன் ஆசையாக ஏற்றிப் பார்த்தார். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் படம் சிலைடு ஷோ மாதிரி நகர்ந்தது. எட்டுக்கும் கார்டு வாங்குவதற்கு ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல் வாங்கலாம் என்றார். இப்படித்தான் சூரமங்கலம் இரண்டாம் பாகத்திலேயே தங்கியது. பெரிய ரசனையெல்லாம் இல்லை, மெஷின் இல்லை. ரசனை பிறகு சேர்ந்துகொண்டது.

அடுத்து கரண்ட் கட். 2008-க்கு மேல் நாளுக்கு இரண்டு மணி, நாலு மணி என்று ஏறிக்கொண்டே போன காலம். யுபிஎஸ் பேட்டரி வீங்கிப்போய் ஐந்து நிமிஷம்தான் தாங்கும். கேஸில் ஏஜ் ஏறி, கோட்டைக்கு 650 கல் சேர்த்து அடித்தளம் போட்ட நேரத்தில் மூலையிலிருந்து பீப், பீப், பீப். எட்டுத் திரைக்குப் பின்னாலிருந்தும் ஒரே சமயத்தில் "அண்ணா!" என்று ஒரு சத்தம் வரும். சிலர் வேண்டுதல் மாதிரி வேகமாகச் சேவ் போடுவார்கள். அண்ணன் தன் நோட்டில் மணியைப் பார்த்து, போன நிமிஷத்தைக் கழித்துக் கணக்கு எழுதுவார். நேர்மையான மனுஷன்.

2011-இல் மத்திய அரசின் சைபர் கஃபே விதிகள் வந்தன. வருகிறவரின் அடையாள அட்டை, பெயர், நேரம் பதிய வேண்டும். அந்தப் பதிவை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். தடுப்பு நாலரை அடிக்குமேல் இருக்கக் கூடாது. அண்ணன் ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு பிளைவுட்டை நாலரை அடிக்கு அறுத்தார், பச்சைத் திரையைக் கழற்றினார். ஐடி கார்டு இல்லாத பத்தாம் வகுப்புப் பையன்கள் வருவது நின்றது. அதே சமயம் எல்லோர் கையிலும் போன். இரண்டு வருஷத்தில் சென்டர் ஜெராக்ஸ், பான் கார்டு, ஆதார் திருத்தம் என்று ஆகி, பிறகு மூடியது. மெஷின்களை எடைக்குப் போடுவதற்கு முன் "உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ கண்ணு" என்றார். எட்டாம் நம்பர் சிஸ்டத்தின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டேன். அதில் எங்கள் சேவ் கேம் இருந்தது.

விளையாட்டும் அதற்குள் அனாதையாகியிருந்தது. 2009 ஜனவரியில் என்செம்பிள் ஸ்டூடியோஸ் மூடப்பட்டுவிட்டது. பிழைக்கவைத்தது ரசிகர்கள். சம்பளம் இல்லாமல் புது நாடுகளைச் செய்து சேர்த்துக்கொண்டிருந்த ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற கூட்டத்தை மைக்ரோசாஃப்ட் பிறகு வேலைக்கே எடுத்துக்கொண்டது. 2013-இல் எச்டி பதிப்பு, அதே வருஷம் அவர்களுடைய சேர்ப்பு. அதில் முதல்முறையாக இந்தியர் என்று ஒரு நாடு வந்தது. ஆசையோடு திறந்தேன். ஒட்டகப் படை! சேலத்தில் நான் ஒட்டகம் பார்த்தது போஸ் மைதானத்து சர்க்கஸில்தான். மறுபடி பாரசீகத்துக்குப் போய்விட்டேன்.

2019 நவம்பரில் டெஃபினிடிவ் எடிஷன். நான் காசு கொடுத்து வாங்கிய முதல் விளையாட்டு, முப்பத்தைந்து வயதில். திருட்டு சிடிக்குப் பிராயச்சித்தம் என்று மனைவியிடம் சொன்னேன். நம்பவில்லை.

2022 ஏப்ரல் 28-ஆம் தேதி டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற சேர்ப்பு வந்தது. பழைய இந்தியரை இந்துஸ்தானியர் என்று பெயர் மாற்றி, கூர்ஜரர், வங்காளர், திராவிடர் என்று மூன்று புது நாடுகள். திராவிடர் என்ற பெயரை நாடாக வைத்தது எனக்கு ஒப்பவில்லை. சோழன் என்றோ தமிழர் என்றோ வைத்திருக்கலாம். ஆனால் விவசாயியைக் கிளிக் பண்ணினால் தமிழில் பதில் வருகிறது! பக்கத்தில் இருந்த அக்கா மகன் வாய்விட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, ஒரே ஆளைப் பத்துத் தடவை கிளிக் பண்ணினேன். உருமி வீச்சுக்காரர்கள், திரிசடைக் கப்பல், ராஜேந்திரனுக்கு ஐந்து கட்டப் போர்க்கதை. குதிரைப்படை மட்டம். அதுவும் சரிதான், நல்ல குதிரை நமக்குக் கப்பலில்தான் வந்தது.

கோட்டைக்குள் போய்ப் பார்த்தால் ஒரு பொத்தான்: ஊட்ஸ் ஸ்டீல். அழுத்தினால் காலாள், குதிரையாள் வெட்டுக்கு எதிராளியின் கவசம் கணக்கிலேயே வராது. உக்கு என்று கன்னடத்தில், உருக்கு என்று நம்மிடம் இருந்த சொல் வெள்ளைக்காரன் நாக்கில் திரிந்து 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டிக் கட்டுரையில் ஊட்ஸ் என்று ஏறியது. கொல்லன் மகனான மைக்கேல் ஃபாரடே அந்த உருக்கை 1819 வாக்கில் சோதித்துப் பார்த்தார். அந்தச் சொல் சுற்றி அடித்து எட்டாம் நம்பர் சிஸ்டத்தின் வாரிசுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஏசி போட்டு மூடிய ஜன்னல் ஞாபகம் வந்தது.

அந்தச் சேர்ப்பு வந்து பதினொரு நாள் கழித்து, மே 9-ஆம் தேதி, சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு அறிக்கை வெளியிட்டார். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் தோண்டியதில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று. 4200 வருஷம். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்கு இன்னும் முன்னால், கி.மு. 3345 என்றார்கள். அது பற்றி அறிஞர்கள் வாதிடட்டும். எனக்கு அந்த மே மாதம் வேறு ஒன்று உறைத்தது.

அன்று ராத்திரி முதல் பாகத்தை எடுத்து ஏற்றினேன், 1997-இல் வந்ததை. இரண்டாம் பாகத்துக்குப் பழகிய கைக்கு அது ஒரு தண்டனை. மதில் கட்டலாம், கதவு கிடையாது. ஒரு இடைவெளி விட்டு, எதிரி வந்தால் அந்த இடத்தில் வீடு கட்டி அடைக்க வேண்டும். மொத்தமே ஐம்பது பேர்தான். வயல் கொஞ்ச நாளில் செத்துப்போகும், மறுபடி மரம் கொடுத்துப் போட வேண்டும். ஆள் வேண்டுமென்றால் ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும், வரிசையில் சொல்லிவைக்கிற வசதி 1998-இல் ரைஸ் ஆஃப் ரோமில்தான் வந்தது. ஆனால் நான் பார்க்கப் போனது காலங்களை. கற்காலம், கருவிக் காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம். வெண்கலத்துக்கு 800 உணவு. அதைத் தாண்டாமல் இரும்பு கிடையாது, பொத்தானே மங்கலாக இருக்கும்.

நம் ஊரில் தொல்லியல்காரர்கள் அந்த நடுப்படியைக் காணவில்லை. புதிய கற்காலத்துக்கு மேலே நேராக இரும்பு. வடக்கேயும் மேற்காசியாவிலும் இருந்த மாதிரி ஒரு தனி வெண்கலக் காலம் தமிழ்நாட்டில் இல்லை. தாமிரம் கிடைக்காத இடத்தில், ஓடை மணலிலேயே இரும்பு கிடக்கும்போது எவன் போய் வெண்கலத்துக்கு அலைவான்? டாலஸ் பையன்கள் படித்த படக்கதைப் புத்தகத்தில் ஏணி ஒன்றுதான். அந்த மாதிரி ஏணியில் ஏறித்தான் 2001-இல் நான் வரலாறு என்றால் இதுதான் வரிசை என்று நம்பினேன், பரீட்சையிலும் எழுதினேன். புதுப் பாகங்களில் இந்த ஏணியை அலங்காரத்துக்கு அடியில் மறைத்துவிட்டார்கள். பழைய பாகத்தில் அது வெறும் கட்டையாக, ஆணி தெரிய நிற்கிறது. அக்கா மகனுக்கு நான் சொல்லத் தேடிய பதில் கிட்டத்தட்ட இதுதான். சொன்னேன். "அப்ப அந்த எண்ணூறு சாப்பாடு வேஸ்ட்டா மாமா?" என்றான்.

பள்ளி லீவில் அவனை சித்தர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். போகிற வழியில் இரும்பாலை. 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டி 1981-இல் ஓட ஆரம்பித்தது. கஞ்சமலை அடிவாரத்தில் இருப்பதால் கஞ்சமலையைத்தான் உருக்குகிறார்கள் என்று நான் இருபது வயது வரை நினைத்திருந்தேன். இல்லை, வெளியிலிருந்து வந்த ஸ்டெயின்லெஸ் தகட்டை உருட்டி மெல்லிசாக்கினார்கள். நாணயம் அடிப்பதற்கான வட்டத் தகடுகூட வெட்டினார்கள். சென்டரில் நாங்கள் கொடுத்த சில்லறையில் பாதி இங்கே வெட்டியதாக இருந்திருக்கலாம்.

ஓடையில் தண்ணீர் இல்லை, மணல் இருந்தது. எட்டாம் நம்பர் ஹார்டு டிஸ்க் எப்போதோ செத்துப்போய், நான் பிரித்து அதன் காந்தத்தை எடுத்து வைத்திருந்தேன். கட்டைவிரல் அகலம்தான், ஸ்பீக்கர் காந்தத்தைப் போல ஐந்து மடங்கு இழுக்கும். பையன் அதை மணலில் வைத்துத் தூக்கினான். முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு வந்தது. உதறினான், விடவில்லை. சட்டையில் துடைத்தான், சட்டை கறுத்ததுதான் மிச்சம். கடைசியில் காந்தத்தோடு சேர்த்தே ஒரு பிரிண்டர் பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தோம்.

அது இப்போது கடையில் மானிட்டருக்குக் கீழே இருக்கிறது. நேற்று ராத்திரி அவன் திராவிடர், நான் பாரசீகர். கேஸில் ஏஜுக்கு நான் ஏறும்போது பொட்டலம் பிரிந்து பொடி கீபோர்டுக்குள் கொட்டிவிட்டது. எஸ் பொத்தான் அடியில் கரகரவென்று மாட்டிக்கொண்டு வேலை செய்யவில்லை. நான் கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிஷத்தில் அவன் என் யானைகளை முடித்துவிட்டான்.